மூன்றாவது பூச்சு

லண்டனில், கிங்ஸ்பரிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். டேபிள் டென்னிஸ் மட்டைகளுக்கு ரப்பர் ஒட்டுவது என் பொறுப்பு. கடைக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

1. முதல் மட்டை

முதல் நாள் முதலாளி என்னை மேசைக்கு முன் உட்கார வைத்தார். அவர் திருச்சிக்காரர்.

“மரத்துக்கு ஒரு கோட்டு பசை, ரப்பருக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்சுக்கு ரெண்டு கோட்டு. பசை பால் மாதிரி இருக்கும். காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும். ஆகற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க சார்.”

நான் அவசரப்பட்டேன். ரப்பருக்கு அடியில் குமிழி விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க. இது என்ன கல்யாணமா? பிரிச்சு மறுபடி ஒட்டலாம்.”

அன்றே மேசை லாச்சியில் இருந்த ஒரு கேஜையும் காட்டினார். ஒட்டிய ரப்பரின் தடிப்பை அளக்கும் கருவி அது. ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் நான்கு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பது ஆட்ட விதி. “கம்பெனிக்காரன் அளந்துதான் அனுப்புறான்” என்று சொல்லிவிட்டு லாச்சியை மூடினார். கேஜ் அங்கேயே கிடந்தது.

2. சுசானா

மூன்றாம் வருடம் சுசானா மட்டைக்கு ரப்பர் மாற்றக் கடைக்கு வந்தாள். ஸ்லோவாக்கியாவின் கிழக்கே ஒரு சிறிய ஊரில் பிறந்தவள். தகப்பன் ரயில்வேயில் வேலை. ரயில்வே கன்டீனில் கிடந்த ஒரு மேசையில்தான் ஆடப் பழகினாளாம். பதினேழு வயதில் தேசிய அணி. பிறகு ஆஸ்திரியாவில் ஒரு கிளப், ஜெர்மனியில் ஒரு கிளப். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு லண்டனுக்கு வந்து, எங்கள் பகுதிப் பள்ளிக்கூட ஹோலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். என் மகள் தாரணி அவளிடம்தான் பழகினாள்.

இருபத்திரண்டு வயதில் வாங்கிய மட்டையின் மரத்தைத்தான் அவள் இன்னும் வைத்திருந்தாள். கைபிடி கறுத்துப் போயிருக்கும். நான் ஒட்டிக் கொடுத்ததும் அதை விரல் கணுவால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பாள். தலையாட்டினால் சரி. கடையில் எல்லோரும் என்னை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டாள். அந்த ஒரு சொல் தவிர எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே எங்கட தமிழில் எழுதுகிறேன்.

3. ஏன் மூன்று

தாரணிக்குப் பதினொரு வயதில் ஒரு போட்டியின் நடுவே மட்டையின் ஓரத்தில் ரப்பர் கிளம்பிவிட்டது. தோற்றாள். காரில் வரும்போது, “அப்பா, நீங்கள்தானே ஒட்டினது” என்றாள்.

அன்றிலிருந்து அவள் மட்டைக்கு ஸ்பாஞ்சில் மூன்றாவது பூச்சு போடத் தொடங்கினேன். ரப்பர் அசையாமல் இருந்தது. முதலாளியிடம் சொல்லவில்லை. பிறகு சுசானா ஒரு முக்கியமான போட்டிக்கு ஆயத்தமானபோது அவள் மட்டைக்கும் மூன்று போட்டேன். கேட்டுப் போடவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

4. அந்த ஞாயிறு

சுசானாவுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு கிளப் தன் பெண்கள் அணியில் ஓர் இடத்தை வைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் வெல்கிறவருக்கு அடுத்த சீசன் முழுவதும் அந்த இடம். அதே நாளில், அதே மண்டபத்தில் தாரணிக்கும் ஆட்டம் இருந்தது.

“ஒரு சீசன் போதும் அண்ணை. முழங்கால் என்னை நிப்பாட்டினது. இந்த முறை நானாய் நிப்பாட்ட வேணும்” என்று கடையில் சொல்லியிருந்தாள்.

அரையிறுதியில் அவளுக்கு எதிரே ஆடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஐந்தாவது கேமில் பதினொன்றுக்கு ஒன்பது. சுசானா வென்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் பார்வையாளர் கலரியில் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆட்டம் முடிந்த பிறகு சில மட்டைகளைச் சீட்டுப் போட்டு எடுத்துச் சோதிப்பார்கள். அவளுடையது வந்தது. ரெஃபரியின் மேசையைச் சுற்றி ஆட்கள் கூடுவதைப் பார்த்து இறங்கி ஓடினேன். சிவப்புப் பக்கம் நான்கு தசம் பூச்சியம் ஏழு. ரெஃபரி மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் அதே எண்.

“ஸொரி” என்றார். ஆட்டம் மற்றப் பெண்ணுக்குப் போனது.

சுசானா என்னைப் பார்த்தாள். “நான்தான், மூண்டு பூச்சுப் போட்டனான்” என்றேன். ரெஃபரியிடமும் அதைச் சொல்லப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்ர மட்டை. நான்தான் அளந்திருக்க வேணும்.” பிறகு உடனே, “அண்ணை, தாரணியின்ரயையும் நீங்கள்தானே ஒட்டினது?”

“ஓம்.”

“எத்தினை?”

“மூண்டு.”

“அவளுக்கு எத்தினை மணிக்கு ஆட்டம்?”

“இருபது நிமிசத்தில.”

சுசானா நேரத்தை வீணாக்கவில்லை. தாரணியைக் கூப்பிட்டு மட்டையை வாங்கி அளக்கச் சொன்னாள். நான்கு தசம் பூச்சியம் ஒன்பது. சுசானா தன் பையிலிருந்து மேலதிக மட்டையை எடுத்தாள். அது நான் முன்பு ஒட்டியது, இரண்டு பூச்சு. அதையும் அளக்கக் கொடுத்து, எண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகே தாரணியின் கையில் வைத்தாள்.

“கோச், இது உங்கட. உங்களுக்கு வேணுமே?” என்றாள் தாரணி. அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

“எனக்கு இண்டைக்கு வேலை முடிஞ்சுது. நீ போய் வோர்ம் அப் செய்.”

தாரணி நான்காவது கேமில் தோற்றாள். வீட்டுக்கு வரும் வழியில் நடந்ததை அவளிடம் சொன்னேன். ஒன்றுதான் கேட்டாள்: “அப்பா, போன வருசம் நான் வெண்ட கப்?” அந்தப் போட்டியில் யாரும் அளக்கவில்லை. கப் இன்னும் ஷோகேசில் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்து வருகிறேன்.

5. திங்கட்கிழமை

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லாச்சியைத் திறந்து கேஜை எடுத்து மேசையில் வைத்தார். “இத்தனை வருஷம் நானும்தான் இதை எடுக்கல” என்றார். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மத்தியானம் சுசானா வந்தாள். கிளப் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அந்தப் பழைய மட்டையை என் முன் வைத்தாள்.

“ரெண்டு பக்கமும் கழட்டி ஒட்டுங்கோ. இனிப் பிள்ளையளுக்குப் பந்து போடத்தான்.”

“வேற கடையில குடுக்கலாமே” என்றேன்.

“வேற கடையில அண்ணை இல்லையே.”

ரப்பரை உரித்தேன். பசை தடித்த தோலாகக் கழன்று வந்தது. அவள் அதை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிச் சிறு உருண்டையாக்கிக் கொண்டிருந்தாள். ரப்பருக்கு அடியில் மரம் புதிது போல வெளிறியிருந்தது. மரத்துக்கு ஒன்று, ஸ்பாஞ்சுக்கு இரண்டு. கண்ணாடி போலாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒட்டி முடித்துக் கேஜை அவளிடம் நீட்டினேன்.

“நீங்கள் பாருங்கோ” என்றாள்.

இரண்டு பக்கமும் மூன்று தசம் ஒன்பது நான்கு. அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவள் மட்டையைத் தட்டிக் கேட்டுத் தலையாட்டினாள்.

புதிதாக வந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். ரப்பர் கழன்றுவிடும் என்ற பயம் என்னுடையது. அதை நான் இன்னொருவருடைய மட்டையில் பூசினேன். இப்போதும் இரண்டாவது பூச்சுக் காய்ந்ததும் என் கை தானாகப் பசைக் குப்பிக்குப் போகிறது. மூடியை இறுக்கித் திருகிவிட்டுக் கேஜை எடுக்கிறேன்.