வெளுத்துச்சா, தனம் சிஸ்டர்?

தனம் சிஸ்டர் இறந்துவிட்டார்... நேற்று. மாரடைப்பாம்.

இது என் அம்மாவின் முகநூல் கணக்கு. எழுதுவது மகள், பத்தாம் வகுப்பு. எல்லாரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் எழுதுகிறேன்.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா மாமாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "நாளைக்கு ஆபரேஷன் முடியட்டும் மச்சான். அதுவரைக்கும் புள்ளைக்குத் தெரிய வேணாம்."

என் இடது கையில் மறுபடியும் கட்டி. காலை ஆறு மணி பஸ்ஸில் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிறோம், முன்பு கட்டியை எடுத்த அதே டாக்டரிடம். தனம் சிஸ்டர் அங்கேதான் நர்ஸ். "தனம் சிஸ்டர் இருக்காங்க, ஒனக்கென்ன பயம்?" என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் முதல் கட்டியை எடுத்தபோது, மரப்பு ஊசி போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் கேட்டார், "ஆரம்பிக்கலாமா தனம்?"

"இன்னும் வெளுக்கல சார். நல்லா வெளுக்கட்டும்."

எங்கள் வீட்டில் வெளுப்பது என்றால் அடிதான். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "ஆடாமத்தானே படுத்திருக்கேன் சிஸ்டர்... வெளுக்காதீங்க."

டாக்டரே சிரித்துவிட்டார்.

"அடியே, ஒன்ன இல்ல, ஒன் தோல! மருந்துல அட்ரினலின் கலந்திருக்கு. ரத்தக்குழாய் சுருங்கும், அந்த எடத்துக்கு ரத்தம் வர்றது கொறையும், தோலு வெளுக்கும். அப்புறம் கத்தி வெச்சா ரத்தம் ஜாஸ்தி வராது. மரப்பும் சீக்கிரம் எறங்காது."

டாக்டர் இரண்டு முறை கத்தியை எடுத்தார். இரண்டு முறையும் "இருங்க சார்" என்றார் சிஸ்டர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

கட்டியைச் சுற்றி சாக்பீஸ் தூள் பட்ட மாதிரி வெள்ளை பரவியது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

"இப்படியே வெள்ளையா நின்னுடுமா சிஸ்டர்?"

"நின்னா மாப்பிள்ளைக்கு நான் பதில் சொல்றேன். போடி! ராத்திரிக்குள்ள செவந்துடும். நெஞ்சு அடிக்கிறதும் அந்த மருந்துதான். பயந்தா ஒன் ஒடம்பே அத ஊற வெச்சுக்கும், ஊசியே வேணாம்."

ராத்திரி கட்டுத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது "வரேன் சிஸ்டர்" என்றேன். ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். "ஆஸ்பத்திரியில வரேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு."

அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். கட்டி திரும்ப வந்தது அதனால்தானோ...

நாளைக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்? டாக்டர் கத்தியை எடுத்தால் "இருங்க சார்" என்று யார் சொல்வார்கள்?

நான்தான் சொல்ல வேண்டும். போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன். குரலே வரவில்லை.

போன் வெளிச்சத்தில் என் விரல்களைப் பார்க்கிறேன். ஊசியே போடவில்லை... நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது.

அம்மா புரண்டு படுக்கிறார். நிறுத்த வேண்டும்.

இந்த முறை சரியாகச் சொல்கிறேன்.

போறேன் சிஸ்டர்... போறேன்.