செண்பகம் பெயரில் எடுத்த ஸ்கேன்கள்

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? படித்ததும் வேலை பார்த்ததும் இதில்தான்... ஆனாலும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

செண்பகம் இறந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை, ஆய்க்குடியில், வீட்டிலேயே. கணையத்தில் புற்றுநோய். என்னோடு ஆராய்ச்சி செய்தவள். என் வயதுதான்.

எங்கள் வேலை என்ன என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியாது. பாலிமர் இழையில் கடோலினியம் என்ற உலோகத்தைக் கோப்போம். நல்ல திசுவில் அந்த இழை சுருண்டு கிடக்கும். புற்றுக்கட்டியைச் சுற்றி அமிலம் சற்றுக் கூடுதல். அங்கே போனதும் விரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

தெரிய வேண்டும். எலிகளில் தெரிந்தது. மனிதர்கள் வரை போகவில்லை.

எங்கள் கல்லூரியில் எம்.ஆர்.ஐ. ஏது... தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில், ஞாயிறு மதியம் நோயாளிகள் போன பிறகு இடம் கொடுப்பார்கள். அமில அளவை மாற்றி மாற்றிப் பாலிமரைக் கரைத்த டெஸ்ட் டியூப்களைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்தி மெஷினுக்குள் அனுப்புவோம்.

முதல் நாளே டெக்னீஷியன் கையை விரித்துவிட்டார். "பேரு, வயசு, எடை போடாம மிஷினு ஓடாதும்மா. டெஸ்ட் டியூப்புக்கு நான் என்ன பேரு வைக்க?"

"என் பேரையே போடுங்க அண்ணாச்சி," என்றாள் செண்பகம். "எடைய மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க."

அப்படித்தான் எங்கள் சோதனைகள் எல்லாம் அவள் பெயரில் ஏறின. திரையில் அவள் பெயர், கீழே வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட் டியூப். அமிலம் கூடிய குழாய்கள் மட்டும் நிலா மாதிரி வெளுத்திருக்கும்.

பாடம் நடத்தும் வேலைக்காக நான் சென்னைக்கு மாறிவிட்டேன். அவள் அந்த வேலையை விடவில்லை.

போன வருஷம் வயிற்று வலி என்று அதே சென்டருக்குப் போனாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தபோது கட்டி பெரிதாகவே இருந்தது.

டெக்னீஷியன் அண்ணாச்சி சங்கடப்பட்டிருக்கிறார். "உங்க பேர்ல அந்தப் பழைய படம்லாம் கெடக்கு மேடம். அழிச்சிரவா?"

"கெடக்கட்டும் அண்ணாச்சி. அதுலதான் நான் பளிச்சுனு இருக்கேன்."

இதை அவளே போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"ஏட்டி, நம்ம பாலிமர் போட்டிருந்தா மொத ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்குமா?"

"நம்மது எலியத் தாண்டலயே செண்பகம்."

"எலி குடுத்து வச்சது," என்றாள்.

அந்த முதல் ஸ்கேன் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அது என்னை விடவில்லை. பஸ்ஸில், வகுப்பில், பாத்திரம் கழுவும்போது... கண்ணுக்குள் அந்தப் படம் வந்து, கணையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இடம் மெல்ல வெளுக்கிறது. போனைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மூளை செய்கிற வேலை என்று தெரியும். தெரிந்தும் திறந்து பார்க்கிறேன். இதை எழுதும்போதும் ஒருமுறை பார்த்தேன்.

துட்டி வீட்டில், சாவுக்கு வந்தவர்கள் நடுவே, அவள் மகள் மீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, நீங்களும் அம்மாவும் செஞ்ச மருந்து வெளிய வந்திருந்தா, மொதல்லயே தெரிஞ்சிருக்கும்லா?"

யாரோ ஒரு அத்தை குறுக்கிட்டாள். "இப்பப் போயி இதக் கேக்கலாமா? ரெண்டு வாய் காப்பித்தண்ணியாவது குடிட்டி."

ஆமாம் என்றால், அவள் அம்மா பிழைத்திருக்கலாம் என்றாகிவிடும். இல்லை என்றால் பிள்ளைக்கு ஒரு நிம்மதி... ஆனால் அதுவும் எனக்கு உறுதியாகத் தெரியாதே.

"நாளைக்குச் சொல்லுதேன் மீனா," என்றேன். இரவெல்லாம் யோசித்தும் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

போய் வா, செண்பகம். உன் அளவுக்குச் சிரிக்க எனக்கு வரவில்லை.

மறுநாள் சாம்பல் கரைக்கக் குற்றாலம் போனோம். அருவியில் வெள்ளம், போலீஸ் விடவில்லை. திரும்பி வந்து இலஞ்சிப் பக்கம் ஆற்றில் இறங்கினார்கள். ஒரே பிள்ளை, மீனாதான் கரைத்தாள். கரையேறி வந்தவளிடம், "எனக்குத் தெரியல தாயி," என்றேன்.

"அம்மாட்டயும் கேட்டேன் சித்தி. அவளும் இதத்தான் சொன்னா."

துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு, நடந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.