அண்ணனுக்கு வீடு காட்டிய வருஷம்

போர்வெல் போடும் லாரி எங்கேயாவது உறுமினால் இன்றைக்கும் என் கை தானாக ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிடிக்கிறது. தரையைக் குடைகிற ஓலம், குழாய் வாயிலிருந்து கிளம்பும் ஈரப் புழுதியின் வாசனை, அதோடு பின் சீட்டிலிருந்து என் தோளைத் தட்டுகிற அண்ணனின் கை. எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

வீடும் மனையும் வாங்க, விற்க ஆள் சேர்த்துவிடுவது என் தொழில். புரோக்கரம்மா என்பார்கள். நெய்வேலியில் இந்தத் தொழில் ஓய்வு பெறுகிறவர்களை நம்பி ஓடுகிறது. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்து, கம்பெனி சுவரில் சாமி படம் மாட்டி, கம்பெனி மண்ணில் மாமரம் வைத்துப் பழம் தின்றவர்கள் ஒருநாள் சாவியைத் திருப்பித் தர வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் ஊருக்கே போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வடலூரில் மனை விசாரிப்பார். பஸ் வசதி வேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும், தண்ணீர் உப்பாக இருக்கக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, "மைன்ஸ் இந்தப் பக்கம் வராதுங்களே?" என்பார். வேறு ஊர்ப் புரோக்கர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் அதை என்னிடம் ஓயாமல் கேட்டவர் என் சொந்த அண்ணன்.

பொங்கல் முடிந்ததுமே தேட ஆரம்பித்துவிட்டோம். வைகாசியோடு அவருக்கு ஓய்வு, ஐப்பசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொள்வார். தங்கை ஓட்ட அண்ணன் உட்கார்ந்து போவதைப் பார்த்து பிளாக்கே சிரித்தது. "இன்னாண்ணே, லைசென்சு புடுங்கிட்டாங்களா?" என்பார்கள். எந்த மனையில் இறங்கினாலும் வீட்டைப் பார்க்கும் முன் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார், நசுக்குவார், மோந்து பார்ப்பார். மண்ணில் அவருக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கையை உதறிவிட்டு, "வாணாம் பாப்பா" என்பார்.

எங்கள் ஊர் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. இருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். வீடும் வயலும் இருந்த உயரத்தில் இப்போது காற்று இருக்கிறது, அதற்கும் மிகக் கீழே ஒரு இயந்திரம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நிலம் போனதற்கு அண்ணனுக்கு வேலை கிடைத்தது. பர்மனென்ட். நான் படித்தது, எனக்குக் கல்யாணம் ஆனது எல்லாம் அந்தச் சம்பளத்தில். சேர்ந்த சில வருஷத்தில் அவர் வேலை பார்த்த, மண் வெட்டுகிற சக்கர இயந்திரமே எங்கள் வீடு நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினார். "கெணத்து ஒறை தெரிஞ்சுது பாப்பா. வட்டமா, பாதி. அடுத்த சுத்து வந்துச்சு, அதுவும் பூட்ச்சு." சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஆகவே அவர் வேண்டாம் என்றபோதெல்லாம் நான் அதிகம் பேசவில்லை. பேசியது அண்ணி. "ஒங்கண்ணன் வூடு தேடல பாப்பா, குத்தம் தேடறாரு."

சித்திரையில் குறிஞ்சிப்பாடியில் ஒரு வீடு அமைந்தது. தறிச் சத்தம் கேட்கும் தெருவின் கடைசி, கிழக்குப் பார்த்த வாசல். அண்ணி அங்கேயே நின்று பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் இடம் சொல்லிவிட்டார். அண்ணன் மண்ணை நசுக்கினார், உதறினார், ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. அண்ணி வெற்றிலைத் தட்டோடு முன்னாலேயே பஸ்ஸில் போய், வீட்டுக்கார அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் அண்ணனும் ஸ்கூட்டரில் தெருவுக்குள் திரும்பினோம். பக்கத்து மனையில் ஒரு லாரி நின்றது. தரைக்குள் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அள்ளிய மண்ணைச் சின்னச் சின்னக் குவியலாக வரிசையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

தோளில் கை விழுந்தது. "திருப்பு பாப்பா வண்டிய."

"அண்ணே, உள்ள அண்ணி…"

"நம்பூருக்கும் மொதல்ல இப்பிடித்தான் வந்தானுங்க. லாரி வந்துச்சு, கொழாவ எறக்கனானுங்க, மண்ண வரிசையா வச்சிக்கினு ஃபோட்டோ புடிச்சானுங்க. திருப்பு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திருப்பிவிட்டேன்.

மறுநாள் விசாரித்தால், அது தண்ணீருக்குப் போடுகிற போர். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டப்போகிறாராம், முதலில் போர் போடுகிறாராம். வீட்டுக்கார அம்மாவுக்கு ரோஷம். அந்த வாரமே வேறு ஆளுக்கு முடித்துவிட்டார்.

அண்ணி கத்தவில்லை. அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார், அண்ணனின் காதில் விழும்படி: "வெத்தல வாடுது, நான் தட்டோட ஒக்காந்துக்கினு இருக்கறன். அந்தம்மா கேக்குது, ஒங்க வூட்டுக்காரரு கோவிச்சுக்கினு பூட்டாரான்னு. இல்லம்மா, தண்ணியப் பாத்து பயந்து ஓடிட்டாருன்னு சொல்லவா?"

வைகாசி முடிவில் கடைசி ஷிப்ட். கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வேனில் ஏற்றி, மேளத்தோடு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கேசரி, மிக்சர், காபி. யாரோ, "வூடு பாத்தாச்சாண்ணே?" என்றார். "பாத்துக்கினு இருக்கறன்," என்றார் அண்ணன். "பாத்துக்கினேதான் இருப்பாரு," என்றது சமையலறை. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னார்: "வாடக வூட்டுக்குன்னா நான் வரமாட்டன் பாப்பா. இத்தினி வருஷம் கம்பெனி வூடு. இன்னொருத்தன் வூட்ல போயி, ஆணி அடிக்கலாமான்னு கேட்டுக்கினு நிக்க என்னால ஆவாது. சாவறதாயிருந்தாலும் என் வாசல்லருந்து கெளம்பணும்."

ஆனி போனது, ஆடி போனது. அந்த மாதங்களில் நான் ஊரெல்லாம் வீடு முடித்துக் கொடுத்தேன். அண்ணனுக்கு மட்டும் முடியவில்லை. சாவி திருப்புகிற நாள் பக்கத்தில் வர வர அண்ணன் தோட்டத்தில் அதிக நேரம் நின்றார், அண்ணி அதிகம் பேசாமல் ஆனார்.

ஆவணியில் அண்ணி போன் செய்தார். "நாளைக்கி எனக்கு மட்டும் காட்டு."

திருவதிகையில் ஒரு பழைய வீடு. இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம். அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார், மூடினார். சொட்டியது. குவார்ட்டர்ஸில் குழாய் சொட்டினால் மெயின்டனன்ஸுக்குச் சொல்லிவிடுவோம், ஆள் வரும்.

"இங்க இது ரிப்பேரானா யாருக்குச் சொல்லணும்?"

"யாருக்கும் இல்ல அண்ணி. நாமதான் ஆள் பாக்கணும்."

அவர் அதையே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாமதான் ஆள் பாக்கணும். நாமதான். பிறகு முந்தானையில் கையைத் துடைத்து, "முடிச்சுடு," என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னோம். அவர் வழக்கமான கேள்வியைத் தொடங்குமுன் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏங்க, என் பேர்லயே பதியட்டும். நாளைக்கே எதுனா வந்து எடுத்துக்கிச்சுன்னா என் நெலம்தான போவும்? ஒங்குளுது ஒருவாட்டி போனது போதும்."

மின்விசிறி சுற்றியது. அண்ணன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"சாட்சிக் கையெழுத்தாவது நான் போடலாமில்ல?" என்றார்.

"போடலாம். மண்ண மோந்து பாக்காம வந்தா."

அவர் சிரித்துவிட்டார். அந்த வருஷத்தில் முதல் தடவை.

ஐப்பசியில் பால் காய்ச்சினோம். பழைய ஷிப்ட் ஆட்கள் நாலு பேர் வந்து பீரோவை இறக்கினார்கள். அண்ணி கூடத்துச் சுவரில் தானே ஆணி அடித்தார். முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது நின்றது. கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நான் கிளம்பினேன். அண்ணன் கேட் வரை வந்து ஸ்கூட்டரின் சீட்டைத் துடைத்துவிட்டார். பக்கத்தில் புல் முளைத்துக் கிடந்த காலி மனையைப் பார்த்தபடி நின்றார்.

"பாப்பா, அது யாரு மனன்னு வெசாரி."

"எதுக்குண்ணே?"

"ஒனக்குத்தான். ஊருக்கெல்லாம் வூடு வாங்கிக் குடுத்துட்டு நீ எத்தினி நாளு வாடகைல கெடப்ப?"

வண்டியைக் கிளப்பியபடி கேட்டேன்: "அடியில இன்னா இருக்குதுன்னு பாக்க வாணாமா?"

"மண்ணுதான் இருக்கும். வேற இன்னா இருக்கும்? மழ வருது, பாத்துப் போ."