கடலைச் சுருளில் போன சரித்திரம்

பள்ளிக்கூடத்தில் கூட்டுகிறது லேசு, எறிகிறதுதான் கஷ்டம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அப்போது அதிபராக இருந்த மதர். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் சிற்றூழியராகச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, கையில் தும்புத்தடியைத் தந்துகொண்டே சொன்னார். "எதையும் எறிய முன்னம் ஒருக்கா வாசிச்சுப் பார், பிலோமினா" என்றும் சொன்னார். நான் "ஓம் மதர்" என்றேன். ஓம் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

மணி அடிக்கிறது, தண்ணீர் பிடிக்கிறது, வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவுகிறது, தேத்தண்ணீர் ஊற்றுகிறது எல்லாம் என் வேலை. அந்த வேலைகளில் பெரிய பிழை விட்டதில்லை. பிழை விட்டது அலுமாரியில். நீங்களும் என்றைக்காவது ஓர் அலுமாரியைத் துப்புரவு பண்ணியிருப்பீர்கள். அதனால் உங்களுக்குச் சொல்லலாம்.

*அலுமாரி*

அது நான் சேர்ந்த வருசத்து டிசம்பர் விடுமுறை. ஒபிஸ் அலுமாரியில் கறையான் ஏறியிருக்கிறது, வேண்டாததை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு மதர் தியானத்துக்குப் போய்விட்டார். அடித்தட்டில் தடித்த அட்டை போட்ட புத்தகங்கள் ஆறு ஏழு. மேலே இருந்ததைத் திறந்தேன். முழுக்க இங்கிலீஷ், அதுவும் கொடி மாதிரிச் சாய்ந்து ஓடுகிற எழுத்து. நான் படித்தது எட்டாம் வகுப்பு. எனக்கு வாசிக்க வராதது யாருக்கும் வேண்டாதது என்று முடிவு பண்ணினேன். மற்றவற்றைத் திறக்கவே இல்லை.

கோயில் முன்னுக்கு நிற்கிற கடலை வண்டில் அண்ணனுக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் இரண்டு சுருள் கடலை தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மகனுக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்று கொடுத்தேன். நான் கொடுத்தது பள்ளிக்கூடத்தின் லொக் புத்தகங்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அதிபர்மார் தினம் தினம் நடந்ததை எழுதி வைத்த சரித்திரம். அது எனக்குத் தெரியவர இருபத்தைந்து வருசத்துக்கு மேல் எடுத்தது. கடலை அண்ணனுக்கு மட்டும் அதன் அருமை அன்றைக்கே விளங்கியது. ஒற்றைத் தாள் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல தடிப்பான பேப்பர் தங்கச்சி. இப்ப இப்பிடி வாறதில்ல."

*மலர்*

இப்போதைய அதிபர் மிஸ் இளம் ஆள், உற்சாகமானவர். பள்ளிக்கூடத்துக்கு விழா எடுத்து ஒரு மலர் வெளியிடவேண்டும் என்று போன வருசம் கூட்டம் வைத்தார். முதல் கேள்வியிலேயே கூட்டம் நின்றுவிட்டது. விழா எழுபத்தைந்தாவதா, நூறாவதா? ஒருவருக்கும் தெரியாது. கோயில் ஃபாதர் நூறு என்றார், கணக்கு டீச்சர் எண்பது என்றார். லொக் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும் என்று அதிபர் மிஸ் சொல்ல, எல்லோரும் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். அடித்தட்டில் இருந்த அந்தத் தடித்த அட்டைகள் எவை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பழசு எல்லாம் அந்த எண்பத்தி மூண்டு கலவர நேரத்துல எரிஞ்சு போயிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். அதிபர் மிஸ் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்த வரி மலரின் முதல் பக்கத்தில் வரும் என்றார். நான் ஒவ்வொரு கோப்பையாக வைத்தேன். போதாக்குறைக்கு, ஊருக்குள் போய்ப் பழைய ஆட்களிடம் கேட்டுச் சரித்திரத்தைச் சேர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. அதிபர் மிஸ் என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"பிலோ அக்கா, உங்களுக்குத் தெரியாம இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு கரப்பான் கூட வெளிய போயிருக்காது."

*அந்தோனியார்*

அன்றையிலிருந்து ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு நவநாள் வைத்தேன். மெழுகுதிரி கொளுத்தி, எப்படியாவது அந்தப் புத்தகங்களைக் கண்டுபிடித்துத் தாரும் என்று கேட்டேன். கடலை அண்ணனே மேலே போய்ப் பத்து வருசம். சுருள்களை ஊர் தின்று, கசக்கி, கடற்கரை வரைக்கும் எறிந்தாயிற்று. அந்தோனியாரை எங்கே தேடச் சொல்கிறேன் என்று நானும் யோசிக்கவில்லை.

கனடாவிலிருக்கிற மகளிடம் மட்டும் ஃபோனில் உண்மையைச் சொன்னேன். அந்த இரண்டாவது சுருளைத் தின்றவள் அவள்தானே. ஃபோனில் விக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்து முடித்த பிறகு சொன்னாள்:

"அம்மா, அந்தோனியார் தொலைஞ்சதைத்தான் தேடித் தருவார். நீங்க தூக்கிக் குடுத்ததுக்கு அவர் என்ன செய்வார்?"

*வெள்ளவத்தை டீச்சர்*

எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்பு படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறார். பஸ் மாறி மாறிப் போய், மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறினேன். டீச்சருக்கு எண்பது தாண்டியும் ஞாபகம் கத்தி மாதிரி இருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளை எந்த வாங்குப் பலகையில் இருந்தது, யாருடைய தாய் கூப்பாடு போட வந்தாள், எல்லாம் சொன்னார். நானும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் என்றதும் என் வாய்ப்பாட்டையும் ஒருமுறை கேட்டார். எட்டாம் வாய்ப்பாட்டில் தடக்கினேன்.

பள்ளிக்கூடம் எந்த வருசம் தொடங்கியது என்று கேட்டேன். அது மட்டும் தெரியாது, தான் வரும்போதே கட்டடம் பழசு என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து ஆறுதலும் சொன்னார்:

"ஏன் பிள்ளை இவ்வளவு தூரம் அலைஞ்சனீங்கள்? அதையெல்லாம் ஒண்டும் விடாம எழுதி வச்சனாங்கள்தானே. லொக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கோவன்."

*பேக்கரி அய்யே*

பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிற சிங்கள முதலாளியை நாங்கள் அய்யே, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு நான் நங்கி, தங்கச்சி. பிள்ளைகளுக்கு பணிஸ் அங்கேயிருந்துதான் வரும். அவரிடம் கடைசியாகப் போனேன். மலரைப் பற்றிச் சொன்னேன். பழைய புத்தகங்கள் கலவரத்தில் எரிந்துபோயின என்று எழுதப்போகிறார்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பணிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மா படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கலவரத்தன்று தானும் தன் தம்பியும் பள்ளிக்கூடக் கேட்டுக்குத் தங்கள் கடைப் பூட்டைப் போட்டுவிட்டு, அடுப்புக்குள் பாண் தள்ளுகிற நீட்டுப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் படியில் இருந்ததைச் சொன்னார். கும்பல் வந்ததாம், இது எங்கட இடம் என்றாராம், போய்விட்டதாம். இத்தனை வருசமாக அந்தப் படியை நான் தினமும் கழுவுகிறேன். எனக்கு இது தெரியாது. லொக் புத்தகத்தில் இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. விளங்காத மாதிரித்தான் கேட்டார்:

"ஒரு கடதாசி எரியல்ல நங்கி. நாந்தானே கேட்டுல இருந்தது. யார் அப்பிடிச் சொன்னது?"

*அதிபர் மிஸ்*

அன்றைக்கு ரோட்டைக் கடக்கிற அந்த இருபது அடிக்குள் ஒரு முழு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்தேன். இத்தனை நாள் என் பிழை என் மடியில் மட்டும் இருந்தது. இப்போது அது பூட்டுப் போட்டுக் காத்த மனுசன் தலையில் ஏறி, அச்சிலும் வரப்போகிறது. ஒபிஸுக்குள் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு சுருளையும் சேர்த்து. மன்னிப்புக் கேட்க வேறு வார்த்தை வராமல், "மணி அடிக்கிற வேலையை வேற ஆளுக்குக் குடுங்க மிஸ்" என்றேன்.

அதிபர் மிஸ் ஏசவில்லை. அச்சுக்குப் போக வைத்திருந்த ஒற்றையை எடுத்து அந்த வரியை நேராக வெட்டினார். பிறகு பேனையை மூடிவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"கலவரத்துல எண்டு நான் எழுதேக்குள்ள, பக்கத்துல தேத்தண்ணி வச்சது நீங்கதானே அக்கா."

ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

*எண்ணெய்க் கறை*

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தல் வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பழைய புத்தகங்கள் பல வருசத்துக்கு முன் தவறுதலாகக் கடலைச் சுருளுக்குப் போய்விட்டன, யாரிடமாவது ஓர் ஒற்றை இருந்தால் கொண்டு வரவும் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. முழுக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மட்டக்குளியிலிருந்து ஒருவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பழைய மாணவர். செபப் புத்தகத்துக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஓர் ஒற்றையை எடுத்தார். நடுவில் எண்ணெய்க் கறை. தமிழ் எழுத்து. அடியில் இருந்தவை தமிழ்ப் புத்தகங்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திறந்து பார்த்திருந்தால் வாசித்திருப்பேன். "இன்று துறைமுகத் தொழிலாளி சேவியர் பலகை கொண்டு வந்து இரண்டாம் வகுப்பு வாங்குகளைத் திருத்தித் தந்தார். கூலி வாங்க மறுத்தார்." சேவியர் அவருடைய அப்பா. கடலை தின்று முடித்துச் சுருளை எறியப் போகும்போது பெயர் கண்ணில் பட்டதாம். அப்பாவின் பெயரைக் கையால் எழுதிய வேறொரு கடதாசியும் தன்னிடம் இல்லை என்றார். திகதி இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது, எழுபத்தைந்தா நூறா என்பது இன்னும் எங்களுக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் திகைத்துப் போய்ச் சொன்னார்:

"நீங்க குடுக்காட்டி இது அலுமாரிக்குள்ளயே கிடந்திருக்கும் அக்கா. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதைக் கேட்டு நான் பெருமைப்படவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியான மணியைக் கொஞ்சம் கூட நேரம் அடித்துவிட்டேன்.

மலரின் முதல் பக்கத்தில் இப்போது பேக்கரி அய்யேயின் பூட்டு வருகிறது, இரண்டாம் பக்கத்தில் சேவியரின் பலகை வருகிறது, மூன்றாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு சுருள் கடலைக்குச் சரித்திரத்தைக் கொடுத்தவளையே அதைத் திரும்பச் சேர்க்கவும் வைத்திருக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் செபப் புத்தகத்துக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ எங்கள் பள்ளிக்கூடத்து ஒற்றை ஒன்று கிடந்தால், கறையைப் பார்க்காமல் கொண்டு வாருங்கள். காலையில் மணி அடித்த பிறகு கேட்டடியில்தான் நிற்பேன்.