கவர் திறக்காத மூன்று வீடியோக்கள்

முடிவைக் காட்டாதவரை எதுவும் முடியாது என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, பாதி வழுக்கை, இந்த அழகில் ஒரு நம்பிக்கை.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை கடையாகச் சாப்பிட்டு வீடியோ போடுவது என் தொழில். பார்ப்பவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள். முதலில் எல்லாம் கடைசியில் கைகூப்பி, "நன்றி, வணக்கம்" என்பேன். நன்றி என்றதுமே சனம் கிளம்பிவிடும். பிறகு தந்திரம் பழகினேன். கொத்துரொட்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "ஐயோ!" என்று கத்தி, அங்கேயே வீடியோவை வெட்டிவிடுவேன். என்ன ஐயோ? அடுத்த வீடியோவில். சனம் வந்தது.

ஒருநாள் நடிக்காமலே ஐயோ வந்தது. நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். களுபோவில ஆஸ்பத்திரியில் அதில் சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் ஒட்டிய கவரில் வந்தது. அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கமராவுக்கு முன்னால் கொண்டுபோனேன்.

கிழிப்பதுபோல ஓரத்தில் விரலை வைத்தேன், வெட்டு. எந்தக் கொத்துக்கும் வராத கூட்டம் வந்தது. இரண்டாவதில் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், வெட்டு. மூன்றாவதில் கவரை முகர்ந்து, "உப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றேன்.

"அண்ணை, பகிடி போதும். திறவுங்கோ" என்று யாரோ எழுதியிருந்தார்.

நான்காவதுக்கு உட்கார்ந்தபோது, கமரா பிடிக்கும் மனைவி அதைத் தாழ்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு கிளினிக் நாள் தவறிட்டுது. எப்ப திறக்கப் போறியள்?"

"இப்பவே திறந்தா அடுத்த வீடியோவை ஆர் பாக்கிறது?"

"அதை விடுங்கோ. கை ஏன் நடுங்குது?"

"ஃபேன் காத்து."

"ஃபேன் போடேல்லையப்பா."

அவளே பிடுங்கிக் கிழித்தாள். வாசித்தாள். ஒருமுறை மடித்தாள், பிறகு விரித்து மறுபடி வாசித்தாள்.

"உடுப்பை மாத்துங்கோ. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுவம்."

"வீடியோ...?"

"வெளிக்கிடுங்கோ எண்டுறன்!"

புற்றுநோய். அந்தக் கவர் எங்கள் மேசையில் பத்தொன்பது நாள் கிடந்திருந்தது. நாக்கில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இப்போது கடைகளில் அவள் சாப்பிடுகிறாள், நான் கமரா பிடிக்கிறேன். ருசியை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் "வணக்கம்" என்கிறாள். சனம் போய்விடுகிறது.