என் காலுக்கு வந்த கெட்ட பெயர்

வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, விற்றுவிடலாம் என்றார் என் கணவர். காரணம் மைலேஜ். லிட்டருக்குப் பத்து. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தது. அதில் படம் பிடித்திருந்த ரோடு மெயின்லேண்டில் எங்கோ பாய் விரித்தாற்போல் கிடந்தது. எங்கள் போர்ட் பிளேர் ரோடு ஏறும், இறங்கும், மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறும். அதனால் பதினாறு வந்தால் போதும் என்று நானே மனதுக்குள் பேரம் பேசி வைத்திருந்தேன். பத்து என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சின்ன எஸ்யூவிதான். ஆனால் சொகுசுக்குக் குறைச்சல் இல்லை. தோல் சீட், கூரையில் கண்ணாடி, நிமிஷத்தில் குளிரவைக்கும் ஏசி. நாற்பது வயசுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, என் சம்பளத்தில் லோன் போட்டு, என் பெயரில் வாங்கியது. நான் ஊருக்கு வெளியே வண்டூரில் கணக்கு டீச்சர்; வீடு போர்ட் பிளேர் டாலிகஞ்சில். அத்தனை வருஷமும் பஸ்ஸில் மீன் கூடைக்கும் யாரோ ஒருவருடைய முழங்கைக்கும் நடுவில் நின்றபடி போனவள். முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் என் வண்டியிலிருந்து இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை விற்பதாவது!

"உன் கால் கனம், டீச்சர்" என்பார் அவர். குத்திக்காட்டும்போது மட்டும் நான் டீச்சர். "ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னா, சேறு மிதிக்கிற மாதிரி மிதிக்கிற."

அவருக்குக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே ஸ்கூட்டரில் வீடு வந்துவிடுவார். பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் என்று விரல் மடக்குவார். "ஒரு சைடு கண்ணாடி உடைஞ்சாலும் சென்னையிலேர்ந்து கப்பல்ல வரணும். கப்பல் எப்ப வரும்னு டிக்கெட் குடுக்கற எனக்கே தெரியாது!" அதெல்லாம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. என் காலைச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாதக் கடைசியிலும் பத்திலேயே நின்றால், அவருடன் வேலை பார்க்கும் வங்காளிக்காரருக்கு வண்டியைக் கொடுத்துவிடுவது. நான் பழையபடி பஸ்.

மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினேன். தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன். ஏசியைத் தொடவே இல்லை. வண்டூர் போய்ச் சேரும்போது புடவை முதுகோடு ஒட்டியிருக்கும். "க்யா மேடம், பைதல் ஆயா?" என்று கேட்டார் பள்ளிக்கூட வாட்ச்மேன். நடந்துதான் வந்தேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

இத்தனை பாடுபட்டும் பலன் இல்லை. இன்னொரு விநோதம் வேறு. சாயங்காலம் வீட்டில் நிறுத்தும்போது பதின்மூன்று என்று காட்டும் வண்டியின் மைலேஜ் ஸ்கிரீன், காலையில் எடுக்கும்போது பதினொன்று என்றது. ராத்திரியில் வண்டி தானாக எங்கே போய்விட்டு வருகிறது? சர்வீஸ் சென்டரில் காட்டினேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டியை வாசலில் போட்டு, சாவியை வீட்டில் மாட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்க நடந்து போவேன். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பாடம் ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது. அது எங்களுக்குத் தினப்படி கூத்து. வியர்வையில் பிள்ளைகள் நெளிந்தார்கள். போங்கள் என்று அனுப்பிவிட்டு நானும் கிளம்பினேன்.

தெரு முனையிலேயே கேட்டது, என் வண்டியின் இன்ஜின் சத்தம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின் சீட்டில், பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் எங்கள் மகள், மடியில் நோட்டோடு. முன் சீட்டைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு என் கணவர்.

கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன். அவர் துள்ளி எழுந்தார்.

"அம்மா, திட்டாதம்மா" என்று முந்திக்கொண்டாள் மகள். "வீட்டுக்குள்ள வேர்வை சொட்டி நோட்டெல்லாம் நனையுது. தினமும் லைட் போனதும் அப்பாதான் இங்க உட்கார வச்சு ஏசி போடுவாரு."

"வண்டி ஓடலையே!" என்றார் அவர். "நின்னுக்கிட்டுத்தானே இருக்கு! நிக்கிற வண்டிக்கு ஏது மைலேஜ்?"

"நின்னா இன்ஜின் பட்டினி கிடக்குமா? நான் வெறுங்காலோட வேர்த்து ஊத்திக்கிட்டு வண்டூர் போறேன், நீங்க இங்க ஊட்டியில படுத்துத் தூங்குறீங்களா?"

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். நிற்கிற வண்டியின் எண் அவர் கண்ணெதிரிலேயே ஒரு புள்ளி இறங்கியது. "அரே!" என்றார், சின்னக் குரலில்.

இன்னும் திட்டலாம் என்றுதான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். சில்லென்று இருந்தது. மகளுடைய நோட்டு காய்ந்து, எழுத்து அழியாமல் இருந்தது. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிற மனுஷன், பெண்ணுக்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? சிரித்துவிட்டேன்.

ஆனால் ஸ்கிரீனில் இருந்தது பத்துதான். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. வாயை விட்டுக் கேட்க எனக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வங்காளிக்காரர் மனைவியோடு வண்டி பார்க்க வந்து இறங்கினார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லோரும் கேட்பதையே கேட்டார்: "மைலேஜ் கித்னா?"

என் கணவர் தலையைச் சொறிந்தார். நின்ற வண்டி குடித்த பெட்ரோலை விரல் மடக்கிக் கழித்துப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், இந்தியும் தமிழுமாகக் கலந்து சொன்னார்:

"இவங்க ஓட்டினா சோலா, சார், பதினாறு. நான் நிறுத்தி வச்சா பத்து. வண்டி விக்கிறதா இல்ல, மாஃப் கர்னா, மன்னிச்சுக்கோங்க."

வங்காளிக்காரர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் டீ போட உள்ளே போனேன்.