பாடகர் கேட்ட மொழிபெயர்ப்பு

பிள்ளைகளே, நாங்கள் இளமையில் ஆடித் தீர்த்த பாட்டுகளைப் பாடிய சிங்கள ராக் பாடகர் ஒருவர் இருக்கிறார். கிழவராகியும் மேடையை விடவில்லை. போன வருடம் ஒரு பின்னேரம், கற்பிட்டியில் ஒரு தேத்தண்ணிக் கடையில், அவர் தன் வீட்டிலிருந்து பாடிய நேரலையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சிலாபத்துக் கச்சேரியில சுருதி ஏறுற இடமெல்லாம் மைக்க சனத்துக்கிட்ட நீட்டிட்டாரு. நாங்கதான் பாடிட்டு வந்த” என்றான் மீன் லொறி ஓட்டுகிற கூட்டாளி.

“வயசு போனா குரல் இறங்கும்தானே மச்சான். மனுசன் இன்னும் நிண்டு பாடுறாரு” என்றார் தையற்கடை நானா. எங்களில் அவர்தான் அந்தப் பாடகர்மேல் உயிராக இருந்தவர்.

“கரண்டு மரமும்தான் நிக்கிது” என்றான் லொறிக்காரன், ரோட்டோர மின்கம்பத்தைக் காட்டி.

லொறிக்காரன் நேரலையின் கீழே தமிழில் எழுதினான்: ‘தாத்தா, போதும். இனிப் பாட வாணாம்.’

பாடகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தமிழ் ரசிகருக்கு நன்றி சொல்லி, யாராவது அதைச் சிங்களத்தில் எழுதும்படி கேட்டார். கடையே சிரித்தது.

நானா தன் போனை எடுத்தார். நல்லதாக ஏதாவது மாற்றி எழுதுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளதை அப்படியே சிங்களத்தில் எழுதினார்.

“ஏன் நானா?”

“ஏசினவனுக்கு நன்றி சொல்லிட்டு இரிக்கிறாரு. எனக்குப் பாக்க ஏலாது.”

பாடகர் வாசித்தார். கிட்டாரைக் கழற்றி வைத்தார். எழுதியவருக்கு நன்றி என்று சொல்லி நேரலையை நிறுத்தினார்.

“நான் பகிடிக்குத்தான் எழுதின” என்றான் லொறிக்காரன். “அவருக்கு விளங்க வெச்சது நீங்க.”